பெரிய ரெஸ்டாரண்டில் குறைந்த செலவில் மதியச் சாப்பாடு: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஃபைன் டைனிங் ரெஸ்டாரண்டில் ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது, ஆனால் ராத்திரி மெனுவின் விலையைப் பார்த்ததும் அந்த ஆசையே அடங்கிவிடுகிறது என்றால், மதியம் போங்கள். வார நாட்களில் மதியத்துக்கென்று செட் லன்ச் போடும் பெரிய ரெஸ்டாரண்டுகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஒரு ஸ்டார்ட்டர், ஒரு மெயின், ஒரு டெசர்ட், மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை. பல இடங்களில் அது ராத்திரி ஆகிற செலவில் பாதிகூட வராது.

இந்த மாதிரி இடங்கள் நமக்கில்லை என்று ஒதுங்கி நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அங்கே நடக்கிற சமையல் உண்மையிலேயே பெரிய கலை, அதைச் சுவைத்துப் பார்க்கப் பெரிய பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போனால் போதும்.

மதியம் மட்டும் ஏன் மலிவு

விலை குறைவு என்றதும் சரக்கும் மட்டமாக இருக்கும் என்ற சந்தேகம் வருவது இயல்பு. காரணம் தெரிந்தால் அது போய்விடும். வாடகையும் மாதச் சம்பளமும் கடையைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ராத்திரிச் சமையலுக்கான முன்வேலைக்கு எப்படியும் காலையிலேயே ஆட்கள் சமையலறைக்கு வந்துவிடுகிறார்கள். மதியம் கூட்டம் வருவதோ குறைவு. காலியாகக் கிடக்கும் டேபிளில் குறைந்த விலைக்காவது ஒருவர் உட்கார்ந்தால் அது லாபம், சாப்பாடு பிடித்துப்போய் அவரே ஒரு விசேஷ நாளில் ராத்திரிக்குக் குடும்பத்தோடு வந்தால் அது இன்னும் பெரிய லாபம்.

இன்னொரு காரணம் தட்டிலேயே இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான். ராத்திரி மெனுவில் விலை உயர்ந்த துண்டுகள் வரும்: மாட்டின் நடு முதுகுக் கறி, லாப்ஸ்டர், டிரஃபிள் என்ற மண்ணுக்கடியில் விளையும் காளான். மதியம் அவற்றுக்குப் பதிலாகத் தோள்பட்டைக் கறி, கன்னக் கறி, சின்ன மீன், அந்தந்தப் பருவத்துக் காய்கள் வரும். நல்ல துண்டை வாட்டி உப்புத் தூவினாலே ருசிக்கும், அதில் சமையல்காரருக்குப் பெரிய வேலை இல்லை. நார் நாராக இருக்கிற கன்னக் கறியைப் பல மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைத்து, ஸ்பூனால் தொட்டாலே பிரிகிற பதத்துக்குக் கொண்டுவருவதற்குக் கை தேர்ந்திருக்க வேண்டும். மேலே ஊற்றுகிற சாஸைப் பாருங்கள். எலும்பை அடுப்பில் வறுத்து, காய்களோடு சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, மேலே வருகிற நுரையையும் கொழுப்பையும் எடுத்துக்கொண்டே இருந்து, வடிகட்டி, மறுபடி சுண்டவைத்து, ஒரு பெரிய பாத்திரம் நிறைய இருந்தது கடைசியில் ஒரு சின்னப் பாத்திரத்துக்கு வந்து நிற்கும். இதை மதியத்துக்கென்று மட்டமாகத் தனியாக யாரும் காய்ச்சுவதில்லை. ராத்திரிக்காரர் தட்டில் விழுவதும் உங்கள் தட்டில் விழுவதும் ஒரே பாத்திரத்துச் சாஸ்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

மிஷலின் கையேட்டின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டயர் கம்பெனி 1900-இல் கார் ஓட்டுபவர்களுக்காக ஆரம்பித்த கையேடு அது, நல்ல ரெஸ்டாரண்டுகளுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது 1926-இல். அந்த நட்சத்திரம் தட்டில் இருக்கும் சாப்பாட்டுக்கு மட்டும்தான், சரவிளக்குக்கோ மேஜை விரிப்புக்கோ இல்லை. அவர்கள் பார்க்கிற ஐந்து அளவுகோல்களில் ஒன்று, மெனு முழுக்கவும் எல்லா நாளும் தரம் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. யார் ஆய்வாளர் என்று ரெஸ்டாரண்டுக்குத் தெரியாது. அதனால் மதிய மெனுதானே என்று ஏனோதானோவென்று சமைக்கும் தைரியம் நட்சத்திரம் வைத்திருக்கும் சமையலறைக்கு வராது. ஒரு நட்சத்திர இடத்தின் மதிய மெனு முதல் தடவைக்கு மிகச் சரியான தேர்வு. மூன்று நட்சத்திர இடங்களில் மதியமும் பெரும்பாலும் விலை ஏறித்தான் இருக்கும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊரில் மிஷலின் இல்லை என்றால் கவலை வேண்டாம். ரெஸ்டாரண்டின் வலைத்தளத்துக்கே போய் மதிய மெனுவைத் தேடுங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். மெனுவில் தேதியோ மாதமோ போட்டிருக்கிறதா, அல்லது சில வாரங்களுக்கு ஒரு தடவை மாறும் என்றாவது எழுதியிருக்கிறதா? மாறுகிற மெனு என்றால் சந்தைக்கு என்ன வருகிறதோ அதைப் பார்த்துச் சமைக்கிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு மூன்று தேர்வுகள் மட்டும் இருக்கிறதா? அது நல்லது. தேர்வு குறையக் குறையப் பொருள் வீணாவது குறையும், ஒவ்வொன்றின் மேலும் கவனம் கூடும். அப்புறம், எந்தெந்த நாள் என்று பாருங்கள். செட் லன்ச் பெரும்பாலும் வார நாட்களுக்கு மட்டும்தான். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை, பண்டிகைக் காலம் என்றால் நிறுத்திவிடுவார்கள். இதைப் பார்க்காமல் சனிக்கிழமை போய் உட்கார்ந்தால் கைக்கு வருவது முழு விலை மெனுதான்.

ரெஸ்டாரண்ட் வீக் என்று நடத்துகிறார்களே, அதில் போகலாமா என்று கேட்பார்கள். அது 1992-இல் நியூயார்க்கில் தொடங்கியது. அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சியின் மாநாடு அங்கே நடந்தபோது நகரத்தின் பெரிய ரெஸ்டாரண்டுகள் சேர்ந்து மதியச் சாப்பாட்டை, அந்த வருடத்தையே விலையாக வைத்து, 19.92 டாலருக்குக் கொடுத்தன. அப்புறம் பல நகரங்களுக்கும் பரவியது. நல்ல ஏற்பாடுதான், நிறையப் பேருக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அந்த வாரத்தில் டேபிள் எல்லாம் நிரம்பி வழியும், சர்வர்களுக்கு நின்று பேச நேரம் இருக்காது, சமையலறையும் வேகமாக வெளியே அனுப்பக்கூடிய தட்டுகளைத்தான் மெனுவில் வைக்கும். முதல் தடவை போகிறவர்கள் அதைவிட ஒரு சாதாரண செவ்வாய், புதன், வியாழனில் ரெஸ்டாரண்டின் வழக்கமான மதிய மெனுவுக்குப் போவதுதான் நல்லது என்பேன். வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகக் கூட்டம் வந்துவிடும், திங்கட்கிழமை பல பெரிய இடங்களுக்கு விடுமுறை.

பில் உண்மையில் எவ்வளவு வரும்

ஏமாந்து போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மெனுவில் பெரிதாகப் போட்டிருக்கும் விலை ஆரம்பம்தான்.

செட் லன்ச் 100 என்று வைத்துக்கொள்வோம், எந்தப் பணமாக இருந்தாலும் சரி. உட்கார்ந்ததும் பாட்டில் தண்ணீருக்குத் தலையாட்டினால் 10. மெயினில் மீனைத் தேர்ந்தெடுத்தீர்கள், அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் கூட்டல் குறி போட்டு 20 என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. ஒயின் ஒரு கிளாஸ், 25. கடைசியில் காபி, 8. மொத்தம் 163. அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் என்றால் 179. வரியைத் தனியாகச் சேர்க்கும் ஊராக இருந்தால் இன்னும் மேலே. நூறுக்கு என்று நினைத்து வந்தவர் இருநூறுக்குப் பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போகிறார். யாரும் ஏமாற்றவில்லை, எல்லாமே மெனுவில் எழுதித்தான் இருந்தது.

அதே டேபிளில் சாதாரணத் தண்ணீர் கேட்டு, கூடுதல் விலை இல்லாத தட்டைத் தேர்ந்தெடுத்து, ஒயினையும் காபியையும் தவிர்த்திருந்தால் சர்வீஸ் சார்ஜோடு சேர்த்து 110-தான். சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் குறைந்திருக்காது. ஆகவே வீட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள்: விலையில் வரி சேர்ந்ததா, சர்வீஸ் சார்ஜ் எத்தனை சதவீதம், எந்தத் தட்டுக்குக் கூடுதல், காபி விலைக்குள் வருகிறதா. எதற்குக் கூடச் செலவு செய்யலாம் என்பதையும் அங்கேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். கூட்டிக்கொண்டு போகிறவரிடமும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் தண்ணீரில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் சரி சரி என்பார்.

டேபிள் புக் செய்வது

போனிலோ வலைத்தளத்திலோ புக் செய்யலாம். செய்யும்போது மதிய செட் மெனுவுக்கு வருகிறோம் என்று குறிப்பிட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களே போட்ட மெனு அது. நேரத்தில் முதல் சுற்றைக் கேளுங்கள். பன்னிரண்டு மணிக்குத் திறக்கிறார்கள் என்றால் பன்னிரண்டு அல்லது பன்னிரண்டேகால். சமையலறைக்கு மதியம் மூடும் நேரம் ஒன்று உண்டு, கடைசி ஆர்டருக்குக் கொஞ்சம் முன்னால் போய் உட்கார்ந்தால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. மூன்று கோர்ஸுக்கு ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பல இடங்களில் கார்டு விவரம் கேட்பார்கள். சொல்லாமல் வராமல் போனால் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள், எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்யலாம் என்பதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். வர முடியாது என்றால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். இருபது முப்பது பேர் உட்காரும் இடத்தில் நான்கு பேர் வராமல் போவது அவர்களுக்குப் பெரிய அடி.

ஒவ்வாமை, சைவம், சாப்பிடாத பொருள் எதுவாக இருந்தாலும் புக் செய்யும்போதே சொல்ல வேண்டும், டேபிளில் உட்கார்ந்த பிறகு வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மெனுவில் பெயரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காளான் ரிசோட்டோ என்று எழுதியிருப்பார்கள், அரிசி வெந்தது கோழி ஸ்டாக்கில், அதாவது கோழி எலும்பைக் கொதிக்கவைத்து எடுத்த சாற்றில். பன்ன கோட்டா பால் இனிப்புத்தானே என்று நினைப்போம், அதை உறையவைப்பது ஜெலட்டின், அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. சீசர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் இருக்கும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரியவைக்கிற ரென்னட் இல்லாமல் ஆகாது. அதனால் வெறும் சைவம் என்று சொல்லி நிறுத்தாமல், ஸ்டாக், ஜெலட்டின், மீன் எதுவும் கூடாது, முட்டை கூடும் அல்லது கூடாது என்று விவரமாக எழுதுங்கள். ஒரு நாள் முன்னால் தெரிந்தால் நல்ல சமையலறை உங்களுக்கென்றே யோசித்து ஒன்றைச் செய்து வைக்கும். அங்கே போய்ச் சொன்னால் வேகவைத்த காய்தான் கிடைக்கும்.

உடை பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதிகம். வலைத்தளத்தில் டிரஸ் கோட் என்று எதுவும் இல்லாவிட்டால் சுத்தமாக, தேய்த்துப் போட்ட உடையும் மூடிய ஷூவும் போதும். மதியத்தில் ராத்திரி அளவு கெடுபிடி இருக்காது. ஒன்று மட்டும் சொல்வேன், தூக்கலான சென்ட் வேண்டாம், அது உங்கள் சாப்பாட்டின் வாசனையையும் பக்கத்து டேபிள்காரர் வாசனையையும் கெடுத்துவிடும்.

உள்ளே போய் உட்கார்ந்ததும்

வாசலில் நின்று பெயர் சொல்லுங்கள், அவர்களே கூட்டிக்கொண்டு போவார்கள். நாற்காலியைப் பின்னால் இழுத்துத் தருவார்கள், பையைக்கூட வைக்க ஒரு சின்ன ஸ்டூல் வரலாம். நாப்கினை மடியில் விரித்துக்கொள்ளுங்கள்.

உடனே ஒரு கேள்வி வரும்: ஸ்டில் வாட்டரா, ஸ்பார்க்ளிங்கா? கேள்வியில் இரண்டு வழிதான் இருப்பது போலத் தோன்றும், இரண்டுக்கும் காசு. மூன்றாவது வழி இருக்கிறது: குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்த ஊராக இருந்தால் டேப் வாட்டர் போதும் என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். சில நாடுகளில் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அடுத்து, குடிக்க ஏதாவது ஆரம்பிக்கலாமா என்பார்கள். இப்போதைக்கு வேண்டாம், மெனு பார்க்கிறோம் என்றால் முடிந்தது. பெரிய இடத்தில் நன்றாகப் பழகிய சர்வர் இதற்கெல்லாம் முகம் மாற மாட்டார்.

மெனு கைக்கு வந்ததும் அதில் செட் லன்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் அது தனி அட்டையில் இருக்கும், முழு மெனுவை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. மதிய செட் மெனு அட்டையும் தாருங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆர்டர் செய்வது

இரண்டு பேர் போனால் ஒரே தட்டை இருவரும் வாங்காதீர்கள். ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டு ஒரு வாய் மாற்றிச் சுவைத்துப் பாருங்கள், அமைதியாகச் செய்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால் வீட்டில் செய்யவே முடியாததைச் சொல்லுங்கள். பலமணி நேரம் வெந்த கறி, பல அடுக்காக வரும் பேஸ்ட்ரி, உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருக்கும் சூஃப்லே, இவையெல்லாம் அந்தச் சமையலறைக்குத்தான் முடியும். சாலட்டையும் ஐஸ்கிரீமையும் வேறு எங்கேயும் சாப்பிடலாம்.

புரியாத பெயரைத் தயங்காமல் கேளுங்கள். இது எப்படிச் செய்தது என்ற கேள்வி சர்வர்களுக்கு மிகவும் பிடிக்கும், அவர்களுக்குச் சமையலறை தினமும் சொல்லிக்கொடுத்து அனுப்புவதே அதற்குத்தான்.

ஒயின் குடிப்பவர்கள் கிளாஸ் கணக்கில் வாங்குங்கள். 750 மில்லி பாட்டிலில் ஐந்தாறு கிளாஸ் வரும், மதியத்துக்கு இரண்டு பேருக்கு அது அதிகம். இவ்வளவுக்குள் ஒரு கிளாஸ் சொல்லுங்கள் என்று மெனுவில் ஒரு விலையைக் காட்டினால் சொமெலியே, அதாவது ஒயினைத் தேர்ந்தெடுத்துத் தருபவர், அதற்குள் நல்லதாக எடுத்துத் தருவார். பாட்டிலே வாங்கினால் கொஞ்சம் ஊற்றிச் சுவைக்கத் தருவார்கள். அது ஒயின் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. நனைந்த அட்டை மாதிரி வாடை அடித்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் தலையசைத்தால் போதும்.

சாப்பிடும்போது

நீங்கள் கேட்காத ஒன்று முதலில் வரும், ஒரே வாயில் போகிற அளவு சின்னதாக. அமூஸ் பூஷ் என்பார்கள், காசு கிடையாது. மதிய மெனுவுக்கும் பல இடங்களில் தருகிறார்கள். பிரெட்டும் வெண்ணெயும் வரும், பெரும்பாலும் விலைக்குள்தான், சில நாடுகளில் தனியாகப் போடுவார்கள். பிரெட் அங்கேயே சுட்டதாக இருந்தால் அருமையாக இருக்கும், பசியில் அதையே தின்று தீர்த்துவிடாதீர்கள், கொஞ்சம் மிச்சம் வைத்து மெயின் தட்டில் நிற்கும் சாஸைத் துடைத்துச் சாப்பிடுங்கள். சமையல்காரருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மேஜையில் வரிசையாக இருக்கும் ஃபோர்க், கத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளிப்பக்கம் இருப்பதிலிருந்து ஆரம்பித்து உள்பக்கமாக வாருங்கள். தட்டுக்குத் தட்டு அவர்களே மாற்றி வைக்கும் இடங்களும் இருக்கின்றன. சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் ஃபோர்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் நேராகத் தட்டில் வைத்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அடையாளம். நடுவில் எழுந்து போவதாக இருந்தால் நாப்கினை நாற்காலியில் வையுங்கள்.

தட்டு வந்து வைத்தவுடன் சாப்பிடுங்கள். போட்டோ எடுங்கள், ஆனால் ஒன்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூடான சாஸ் ஆறினால் மேலே படலம் கட்டிவிடும், அத்தனை மணி நேர வேலை இரண்டு நிமிஷத்தில் வீணாகிவிடும். ஏதாவது சரியில்லை, கறி வேகவில்லை, சூடில்லை என்றால் முதல் இரண்டு வாயிலேயே சொல்லுங்கள். முழுவதும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

டெசர்ட் முடிந்ததும் காபியா டீயா என்பார்கள். சில இடங்களில் காபியோடு பெத்தி ஃபூர் என்று சின்னச் சின்ன இனிப்புகள் வரும். நான்கைந்து வகை வருகிற இடம் என்றால் காபிக்குக் கொடுக்கும் காசு தகும்.

பில்லும் கிளம்புவதும்

இந்த இடங்களில் கேட்காமல் பில் வராது, அது மரியாதைக்காக. சர்வரைப் பார்த்துக் கேளுங்கள், வந்ததும் வரி வரியாகப் படியுங்கள். இரண்டு செட் லன்ச் சரியாக இருக்கிறதா, வாங்காத தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் அதன் மேல் டிப்ஸ் கட்டாயமில்லை. போடவில்லை என்றால் அந்த நாட்டு வழக்கம் எதுவோ அதன்படி வையுங்கள், மதிய விலைக்கு ஏற்ற டிப்ஸ் போதும். நன்றாகக் கவனித்துக்கொண்டவரின் பெயரைக் கேட்டு, கிளம்பும்போது மேனேஜரிடம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள், அவருக்கு அது வேலையில் உதவும்.

பிடித்திருந்தால் வாசலிலேயே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: மதிய மெனு அடுத்து எப்போது மாறுகிறது என்று. புது மெனு வந்த முதல் இரண்டு நாளை விட்டுவிட்டு அடுத்த வாரத்துக்குப் புக் செய்யுங்கள், அதற்குள் சமையலறைக்குப் புதுத் தட்டுகள் கைப்பழக்கம் ஆகியிருக்கும்.